டர்போ சக்கரமும் சந்து சாரும்

உலகத்துக் கோளாறு எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு சந்துதான் காரணம் என்று நம்பிய ஒரே மனிதர், ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் லேபில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ‘சந்து சார்’.

லாரி இன்ஜினுக்கு டர்போ சக்கரம் செய்யும் கம்பெனி அது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த நான் அங்கே காண்ட்ராக்டில், சக்கரங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்ஜின் புகைச் சூட்டுல சுத்துற சக்கரத்துக்கு வெறும் நிக்கலு தாங்காதுபா. உள்ள நிக்கல் அணுவும் அலுமினிய அணுவும் சின்னச் சின்ன கூட்டமா, வரிசை தப்பாம நின்னுகினு கீது. அதான் பலம்” என்பார் சார். புரியவில்லை என்று ஒருநாள் கேன்டீனில் வாய்விட்டுச் சொன்னது என் தப்பு.

சாப்பாட்டுக்கு நின்ற முப்பது பேரையும் மும்மூன்று பேராகக் கைகோக்க வைத்து, நெருக்கி நிறுத்தினார். நடுவே புகுந்து போகச் சொல்லி செக்யூரிட்டி அண்ணனை ஏவினார். அவர் முட்டி மோதி, தொப்பியைப் பறிகொடுத்துத் திரும்பினார்.

“இப்ப சூடு ஓவராயிடுச்சு. எல்லாம் ஒண்ணா சேருங்க!”

மூன்றே பெருங்கூட்டமானோம். செக்யூரிட்டி கைவீசி நடந்து போய் முதல் ஆளாகச் சாம்பார் வாங்கினார்.

“பாத்தியா? ஆளுங்க அதே ஆளுங்கதான். நடுவுல சந்து வுழுந்துச்சு. பலம் பூட்ச்சு!”

அடுத்த மாதமே சோதனையில் எங்கள் சக்கரங்கள் சூட்டில் நீண்டு, சுற்றியிருந்த உறையில் உரசின. நான்தான் சூட்டைக் கூட்டி வைத்தேன் என்று மேனேஜர் முடிவு கட்டினார். சார் ஒரு சக்கரத்தை அறுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

“கூட்டமெல்லாம் பெருசாயிருக்கு. சூடு ஓவர்தான்.”

மேனேஜர் என் மேல் எழுதிய ரிப்போர்ட்டை அவரிடம் நீட்டினார்.

“அப்ப சைன் பண்ணுங்க.”

“சூடு ஓவர்னேன் சார். இவன் வச்சான்னு சொல்லலியே.”

உலை ஆறியதும் சார் உள்ளே தவழ்ந்து போய், தன் சொந்த வெப்பமானிக் கம்பியை ஒரு பழைய சக்கரத்தில் கட்டினார். பிறகு உலையைப் பற்றவைத்து, அதன் எதிரே கவிழ்த்த டிரம்மில் ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவருடைய கம்பி, உலை மீட்டரைவிட அறுபது டிகிரி கூடுதலாகக் காட்டியது. மேனேஜர் ரிப்போர்ட்டைக் கிழித்தார்.

“நீங்க இல்லன்னா என் சோலி முடிஞ்சிருக்கும் சார்” என்றேன்.

“உனுக்காவ இன்னா பண்ணேன்? மீட்டர் பொய் சொல்லுச்சு, புடிச்சேன். போ, போய் வேலையப் பாரு” என்று சிடுசிடுத்தார்.

மறுவருஷம் அவரை ஓசூருக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம், அவர் இல்லாத லேப் வழியாகப் போகாமல் கேன்டீனைச் சுற்றிக்கொண்டுதான் உலைக்குப் போனேன்.