ரயில்வே கேட்டில் எழுதிய பரீட்சை

லேமினேஷன் அண்ணனைப் போல் படித்தவர் பாலக்காடு ஜில்லாவிலேயே கிடையாது. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டவர் என்பது வேறு விஷயம்.

எலப்புள்ளியிலிருந்து கஞ்சிக்கோட்டுக்குப் போகும் எங்கள் பிஸ்கட் கம்பெனி வேனில் முன் சீட்டு அவருடையது. இரண்டு மணி நேரப் படிப்பு, ஆறு மணி நேரப் படிப்பு என்று செல்போனில் எது கண்ணில் பட்டாலும் சேர்ந்துவிடுவார். தீயணைப்பு, கை கழுவும் முறை, தேனீ வளர்ப்பு, கோபத்தை அடக்குவது. முடித்த சான்றிதழையெல்லாம் லேமினேட் செய்து அரிசிப் பையில் வைத்திருப்பார். கோபத்தை அடக்கும் சான்றிதழைக் கடைக்காரர் சுருக்கம் விழ ஒட்டிக்கொடுத்தபோது அண்ணன் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்டது.

பாடம் இங்கிலீஷில் ஓடும். அண்ணனுக்கு அது வராது. ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், கோடவுன் கிளார்க்கான நான் அர்த்தம் சொல்ல வேண்டும். பரீட்சை எழுத செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது ரயில்வே கேட் அருகில்தான். கேட் மூடியிருக்கும்போது நான் கேள்வியைத் தமிழில் சொன்னதும் வேனில் கை தூக்கச் சொல்வார். அதிகக் கை எதற்கோ அதுவே விடை.

எல்லாம் ஒரு நாற்காலிக்காக. இருபது வருஷம் பேக்கிங் பெல்ட் முன்னால் நின்று அவர் கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடந்தது. தரம் பார்க்கும் பிரிவில் உட்கார்ந்தபடி வேலை. அதற்கு டிகிரி கேட்டுவந்த கம்பெனி, தரக்கட்டுப்பாட்டில் ஐந்து குறும்படிப்புகள் முடித்தாலே போதும் என்று இறங்கிவந்தது. அண்ணன் நான்கை முடித்துவிட்டார்.

ஐந்தாவதற்குக் கடைசி நாளன்று சரக்கு ரயில் சீக்கிரமே போய்த் தொலைந்தது. பாதிப் பரீட்சையில் கேட் திறந்துவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. நாங்கள் பதினொரு பேரும் இறங்கி, நல்ல நிலையில் இருந்த வேனைத் தள்ளுவதுபோல் நடித்தோம். டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டார். தள்ளியபடியே ஒரு கையைத் தூக்கி விடை சொன்னோம். பாஸ்.

மேனேஜர் மேடம் ஐந்தையும் புரட்டிப் பாராட்டினார். அத்தோடு மனுஷன் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

“நான் தனியா எழுதலீங்க மேடம். வண்டியில இருந்த அத்தன பேரும் சேந்துதான் எழுதுனோமுங்க.”

பைல் கொடுக்கப் போன நான் வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டேன். மேடம் சான்றிதழ்களை ஒதுக்கிவிட்டு, ஐந்து பாக்கெட்டுகளை மேஜையில் வைத்துக் குறை கண்டுபிடிக்கச் சொன்னார். அண்ணன் ஒவ்வொன்றாகத் தடவி, முகர்ந்து, குலுக்கிப் பார்த்தார். ஒன்றில் சீல் கோணல், ஒன்றில் ஈரம், ஒன்றில் தேதி அழிந்திருக்கிறது, ஒன்றில் எடை குறைவு என்றார். ஐந்தாவது நல்ல பாக்கெட், வேண்டுமென்றே வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் பாடத்திலிருந்து காரணம் வேறு. நான் வேனில் தப்பாக அர்த்தம் சொன்ன ஒரு இடத்தைக்கூடத் திருத்தித்தான் சொன்னார். நாற்காலி கிடைத்துவிட்டது.

“ஏனுங்ணா, எதுக்கு அதப் போய்ச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“அந்தச் சேர்ல நிம்மதியா உக்காரோணுமல்ல கண்ணு.”

இப்போது அவருக்கு ஷிப்ட் வேறு, வேனும் வேறு. அந்த மனுஷன் இல்லாத வேன் எனக்குப் பிடிக்கவில்லை. கேட் மூடினால் எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். நான் மட்டும், வருகிற சரக்கு ரயில் நல்ல நீளமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.