முடிச்சு இல்லாத ஒயரைத் தொடாதே

அந்தத் திங்கட்கிழமை சித்தூரில் வருவாய்த்துறை அதிகாரியின் அறைக்குள் இருந்தவர்கள்: மேஜைக்குப் பின்னால் அதிகாரி, வலப்பக்கம் குவாரிக்காரரும் அவருடைய வக்கீலும், இடப்பக்கம் எங்கள் ஊரின் பதினெட்டுக் குடும்பத்திலிருந்தும் வீட்டுக்கொருவர், அவர்களுக்கு முன்னால் என் நைனா (எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அதுதான் பெயர்), கையில் லேப்டாப்போடு நான். இல்லாதவர் ஒரே ஒருவர்தான். அவர் வந்திருக்காவிட்டால் நாங்கள் அங்கே நின்றதற்கே அர்த்தமில்லை. அப்படிப்பட்டவர் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வரமாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. திருப்பதியில் அது தெரிந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ‘செருப்பு இஞ்சினியர்’ என்றால் பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளில் ஆரம்பித்துக் கடைக்கு வரும் வாடிக்கையாளர் வரை ஒருவர் விடாமல் திட்டிய மனிதர் இந்தப் பூமியில் அவர் மட்டும்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். என்னைத் திட்டியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

அவருடைய தொழிலைக் கேட்டால் சிரிப்பீர்கள். காடு, மலை, வயல் என்று அளக்கப் போகிறவர்கள் கையில் ஒரு சின்ன மஞ்சள் டப்பா இருக்கும். கையடக்க ஜி.பி.எஸ். கருவி, அதிலும் விலை குறைந்த ரகம். அதை ஆன் செய்துகொண்டு நடந்தால் நடந்த தடம் முழுவதையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தத் தடத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றத்தான் ஒரு கேபிள் வேண்டும். கம்பெனி கேபிள் கிட்டத்தட்ட டப்பாவின் பாதி விலை. அதுவும் இப்போது வருவதில்லை. டப்பாவின் முதுகில் நான்கு செம்புப் பொட்டுகள் இருக்கும். அவற்றில் உட்காரும் பிளக் எந்தக் கடையிலும் கிடையாது. அதை இவர் பழைய ரப்பர் செருப்பிலிருந்து அறுத்துச் செய்தார். ரப்பர் துண்டு ஒன்று, குண்டூசித் தலை நான்கு, ஒயர். அவ்வளவுதான் சரக்கு.

“மூணு ஒயருடா! போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணு. இதுக்கு டப்பா வெலையில பாதியா? எவன் வூட்டுச் சொத்து?” என்று கம்பெனிக்காரனைத் திட்டாமல் அவர் ஒரு கேபிளும் செய்ததில்லை. கம்பெனிக்காரன் எதிரில் இல்லாததால் எதிரில் இருக்கிறவர் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். குழாய் பதிக்கும் கான்ட்ராக்டில் இருந்த ஒருவர் பில் கேட்டார். “ரப்பர் செருப்புக்கு எவன்டா பில் குடுக்கறான்?” என்று விரட்டப்பட்டார். ஒரு கல்லூரி மாணவன், “இதெல்லாம் போன்லயே வருதே அங்கிள்” என்றான். அவனைப் பங்குனி வெயிலில் நடுத்தெருவில் நிறுத்தி, “இப்ப உன் போன் ஸ்க்ரீன்ல இன்னா தெரியுது, சொல்லு” என்றார். அவன் முகம்தான் தெரிந்தது. அதையும் சொல்லிக் காட்டினார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை அவருடைய சோதனை. கேபிள் முடிந்ததும் பிளக்கை வாடிக்கையாளரின் டப்பாவில் மாட்டுவார். கடை வாசலில் திறந்த சாக்கடை. கேபிளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, டப்பாவைச் சாக்கடைக்கு மேலே தொங்கவிட்டுப் பத்து எண்ணுவார். விழவில்லை என்றால் முந்நூறு ரூபாய். விழுந்தால்? “இது வரைக்கும் உழல” என்பார். விழுந்தால் என்ன செய்வார் என்று கேட்ட துணிச்சல்காரர் யாருமில்லை.

இவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதை வேறு. எங்கள் ஊர் நகரிப் பக்கம். நிலமே இல்லாமல் இருந்த பதினெட்டுக் குடும்பத்துக்கு அரசாங்கம் மலையோரத்தில் கொஞ்சம் கொஞ்சம் பட்டா கொடுத்தது. கல்லைப் பொறுக்கி, முள்ளை வெட்டி, எங்கள் ஆட்கள் அதை நிலமாக்கினார்கள். நிலமான பிறகு குவாரி அதற்குள் ஊர்ந்து வர ஆரம்பித்தது. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். திருப்பதியில் ஒரு சர்வே கான்ட்ராக்டரிடம் வேலை. முதலாளியைக் கெஞ்சி மஞ்சள் டப்பாவை வாங்கிப் போய், நைனாவோடு வரப்பு வரப்பாக ஆறு கிலோமீட்டர் நடந்தேன். மறுநாளே குவாரிக்காரர் பாதையில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். இனி நடக்க முடியாது. எங்கள் எல்லை முழுவதும் அந்த டப்பாவுக்குள் மட்டும்தான் இருந்தது. டப்பாவின் திரையோ கட்டைவிரல் அகலம். புகாரோடு போனபோது சித்தூர் அதிகாரி, “வாய்ப் பேச்சு வேண்டாம், திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தடத்தைக் காகிதத்தில் கொண்டு வா” என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆபீஸ் கேபிளை எலி தின்றிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கடைக்குப் போனேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“யார்ரா நடந்தது?”

“நான்தான் சார்.”

“செருப்பு போட்டுக்கினு நடந்தியா?”

“ஆமா சார்.”

“அப்ப கழட்டு.”

புது ரப்பர் துள்ளுமாம், பிளக் கழன்றுவிடுமாம். நடந்து நடந்து அமுங்கிய ரப்பர்தான் படிந்து உட்காருமாம். நான் வாய் திறப்பதற்குள் என் வலது செருப்பின் குதிகாலில் கத்தி இறங்கிவிட்டது. சதுரமாக ஒரு ஓட்டை. அநியாயமில்லையா? வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. அவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால். திருப்பதி ஆயிற்றே, மலைக்கு ஏதாவது வேண்டுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பதினெட்டுக் குடும்பத்து நிலமும் சாக்கடைக்கு மேல் ஊஞ்சல் ஆடியது. அவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் நான் ஏழுமலையானை எத்தனை முறை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

கேபிளின் மறுமுனையில் நான்கு ஒயர்களும் தனித்தனியாகத் தொங்கின. லேப்டாப்பில் செருகும் சின்னப் பெட்டி ஒன்று ஆபீசில் இருந்தது. அதன் வாயில் ஒயரை இறுக்க மூன்று திருகு. அதைக் கடைக்கு எடுத்துப் போகாதது என் தப்பு. ஆனால் நான்கு ஒயரும் ஒரே சிவப்பாக இருந்தது யார் தப்பு? திருவிழாவில் சீரியல் பல்பு கட்டுகிறவர் மலிவாகத் தள்ளிவிட்ட சுருளாம்.

“எது எதுன்னு எப்டி சார் தெரியும்?”

“முடிச்சப் பாரு. ஒரு முடிச்சு தரை, ரெண்டு முடிச்சு போறது, மூணு முடிச்சு வர்றது. முடிச்சு இல்லாதது கரண்ட்டு. அதத் தொடாத. தொட்ட, டப்பா வெந்துடும்.”

“தொடக்கூடாதுன்னா அதை எதுக்கு சார் வெச்சீங்க?”

“நாலு பொட்டுக்கு நாலு ஒயரு. அரகொற வேலை நான் செய்றதில்ல.”

“ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்களேன்.”

“காகிதம் தொலைஞ்சிடும். முடிச்சு தொலையாது. போடா.”

முதலாளியின் லேப்டாப் ஞாயிறு ராத்திரிதான் கைக்கு வந்தது, காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் முடிச்சு தொலைந்தது. நான் குளித்துவிட்டு வருகிறேன், நைனா கேபிளை மடியில் வைத்து நீவிக்கொண்டிருக்கிறார். நான்கு ஒயரும் வாரிவிட்ட தலைமுடி மாதிரி நேராக இருக்கின்றன.

“நைனா, இன்னா பண்ண?”

“ஒயரெல்லாம் முடிச்சு முடிச்சா சிக்கிக்கினு இருந்துச்சுடா. ஆபீசரு முன்னாடி இப்டியா எடுத்துக்கினு போறது? எல்லாம் அவுத்துட்டேன். ஒண்ணு மட்டும் நல்லா இறுகிக்கினு இருந்துச்சு, பல்லால கடிச்சு அவுத்தேன்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு எல்லாமே ஒழுங்காக இருக்க வேண்டும் அவருக்கு. பதினெட்டுப் பேரும் வெளுத்த சட்டை, எல்லார் காலிலும் செருப்பு என்று முதல் நாளே கட்டளை போட்டிருந்தார். நிலக்காரர் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். என் செருப்பின் ஓட்டையைப் பார்த்துத்தான் முதல் நாள் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார்.

இஞ்சினியருக்குப் போன் போட்டேன்.

“எவன்டா அவுத்தது?”

“எங்க நைனா, சார்.”

“போன அவர்கிட்ட குடு.”

கொடுத்தேன். அடுத்த ஐந்து நிமிடம் இரண்டு பேரும் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கத்தினார்கள். “ஒயருக்குப் பூணூல் மாதிரி முடிச்சு போட்டா எவனுக்கு வெளங்கும்?” என்றார் நைனா. அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, நைனாவின் முகம் சிவந்தது. போனை என்னிடம் நீட்டினார்.

“எதையும் தொடாத,” என்றார் இஞ்சினியர். “சித்தூரு ஆபீசு வாசல்ல நில்லு. வந்துக்கினே இருக்கேன்.”

ஒன்பதே முக்காலுக்குத் திருப்பதி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கையில் மஞ்சப் பை, அதில் ஒரு பேட்டரி, ஒரு சீரியல் பல்பு. வாசல் படியில் உட்கார்ந்து, ஒயரின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் பிளக்கின் ஊசி, நடுவில் பல்பு. ஒவ்வொரு ஒயராகத் தொட, எரிந்தது, எரியவில்லை, எரியவில்லை, எரிந்தது. எரிந்தால் அந்த ஊசியின் ஒயர் அதுதான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பவும் முடிச்சுகள் விழுந்தன. எங்கள் பதினெட்டுப் பேரும் சுற்றி நின்று பிரசவம் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! “இவ்ளோதானா சார்? இதைப் போன்லயே சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பேனே!”

“பண்ணியிருப்ப. தப்பாப் பண்ணியிருப்ப. பல்பு எரியலன்னா ஒயர மாத்துவ, கரண்ட்டு ஒயரத் திருகிடுவ. அப்புறம் பதினெட்டு வூட்டு நெலம் புகையாப் போயிடும்.” நைனாவின் பக்கம் திரும்பினார். “ஏமண்டி பெத்தவரே, இதுல பல்லு படக்கூடாது.”

நைனா வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்று திருகு. மூன்று ஒயர். லேப்டாப் திரையில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கோடு முளைத்து வளைந்து ஓடியது. வேப்பமரத்தடியில் நைனா பீடி பற்ற வைக்க நின்ற இடம்கூட ஒரு சின்னச் சிடுக்காகத் தெரிந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பதினொன்றுக்கு உள்ளே போனோம்.

அதிகாரி எங்கள் தடத்தைப் பட்டா வரைபடத்தின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குவாரி தோண்டிய புதுப் பள்ளம் எங்கள் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. வக்கீல் ஏதோ ஆரம்பித்தார். “அளந்து எல்லைக் கல் நடச் சொல்கிறேன், அதுவரைக்கும் அந்தப் பக்கம் வேலை நிற்கட்டும்,” என்றார் அதிகாரி. பிறகு மேஜைமேல் இருந்த கேபிளைத் தூக்கிப் பார்த்தார். “இது இப்ப கிடைக்கறதே இல்லையே, யார் செஞ்சது?”

“வெளிய இருக்காருங்க,” என்று நைனா ஓடினார். நானும் ஓடினேன்.

“உள்ள வாங்க, கூப்பிடறாரு.”

“வர மாட்டேன். உங்க ஆளுங்க அத்தினி பேரும் செருப்பு போட்டுக்கினு நிக்கறீங்க. நான் ஒருத்தன் வெறுங்காலோட வந்து நின்னா நல்லா இருக்குமா? உங்க கெத்தக் கெடுக்க மாட்டேன்.”

“மலைக்கு வேண்டுதலா சார்?” என்றேன்.

“வேண்டுதலாவது மண்ணாங்கட்டியாவது! என் செருப்பு மூணு ஜோடியும் எவனெவன் டப்பாவிலயோ மாட்டிக்கினு இருக்கு.”

காசில்லாமல் வந்த பையன்களின் டப்பாவாம். அந்தப் போன் பையனுக்குக்கூட ஒன்று.

கேபிளுக்கு அவர் காசு வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நைனா அவருக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டார். “இது இன்னா கலரு, கீரத்தண்டு மாதிரி” என்று திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டார். கல் நட்ட பிறகு சேதி சொல்லத் திருப்பதிக்குப் போனேன். பச்சைச் செருப்பின் வலது குதிகாலில் சதுரமாக ஒரு ஓட்டை. எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? அங்கேயே அவரோடு சண்டை போட்டுவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போய் இன்னொரு ஜோடி வாங்கி வந்து வைத்தேன். அடுத்த மாதம் அதிலும் ஓட்டை.

இதுவரை ஐந்து ஜோடி. எங்கள் எல்லைக்கு நாங்கள் செலவு செய்தது எழுநூறு ரூபாய்.