கஞ்சி போட்ட ரிக்கார்டு

சகலை என்ற உறவு, மனிதனுக்குப் பொறாமையைப் பழக்குவதற்கென்றே ஏற்பட்டது. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து இலை போட்டால் வேறென்ன நடக்கும்? அடுத்தவர் இலையில் எத்தனை வடை என்று கண் போகத்தான் செய்யும். (என் கண் போனது. அவருக்கு ஒன்று கூடுதல்.)

எனக்குப் பேச்சு வராது. ஊமையில்லை, கூச்சம். நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைகளுக்குக் கஞ்சி போடும் வேலைக்குப் போனவன் நான். சேலைகள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. சித்தையன்கோட்டையில் மாமனார் வீட்டுக்குப் போனால்தான் கஷ்டம். "வாங்க மாப்ள" என்றால் ஒரு தலையாட்டல், "சாப்பிடுங்க மாப்ள" என்றால் இன்னொரு தலையாட்டல். என் உரையாடல் அத்தோடு முடிந்தது.

அங்கே எனக்காகப் பேசியது என் ரிக்கார்டு பிளேயர். திண்டுக்கல்லில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் கேசட்டுக்கு மாறியபோது தள்ளிவிட்டதை வாங்கியிருந்தேன். தீபாவளிக்குத் தீபாவளி அதைப் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். (மனைவி வேணி கைக்குழந்தையோடு நின்றுகொண்டு வருவாள். அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.) மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமா, "போடுங்க மாப்ள" என்பார். அந்த வீட்டில் நானும் ஒரு மாப்பிள்ளை என்பது மற்றவர்களுக்கு ஞாபகம் வருவது அப்போதுதான்.

மாமாவுக்குப் பிடித்த ரிக்கார்டில் ஒரு கீறல் இருந்தது. முள் அங்கே சிக்கிக்கொண்டால், பாடுகிற அம்மா ஒரே சொல்லையே விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். மாமா எழுந்து வந்து பெட்டியின் ஓரத்தில் ஒற்றை விரலால் ஒரு தட்டு தட்டுவார். பாட்டு தாண்டிப் போகும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு மட்டும் அது மானக்கேடாக இருக்கும். மாமனார் வீட்டுக்குக் கிழிந்த வேட்டியோடு போன மாதிரி.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தீபாவளி நெருங்கியபோது வேணி ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் துபாய்ல இருந்து வந்துட்டாராம். சிடின்னு ஒண்ணு கொண்டாந்திருக்காராம். முள்ளும் கிடையாதாம், கரகரப்பும் கிடையாதாம். தீபாவளிக்கு எடுத்தாரேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்காரு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சகலை பாஸ்கரன் நல்ல மனிதர். அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். போன முறை எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்தார். அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தியது. அதுவும் எரிந்தது. அவர் பேச ஆரம்பித்தால் அடுப்பை விட்டுவிட்டு அத்தையும் வந்து நிற்பார்கள். இம்புட்டு வாய் இருக்கிற மனிதனுக்குப் பாட்டுப் பெட்டி வேறு எதற்கு? இல்லாதவனுக்கு இருந்தது அது ஒன்றுதானே?

என் ரிக்கார்டை எடுத்துப் பார்த்தேன். மங்கிப்போய்க் கிடந்தது. சிடி கண்ணாடிபோல் மினுங்குமாம். எனக்குத் தெரிந்த மினுக்கு ஒன்றே ஒன்றுதான்.

ஜவ்வரிசிக் கஞ்சியைத் தெளிவாகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ரிக்கார்டு முழுக்கப் பூசினேன். நைந்த சேலையைக்கூடப் புதுசாக்கும் கஞ்சி அது. இழைக்கு இழை இடைவெளியை அடைக்கிற கஞ்சி, ஒரு கீறலை அடைக்காதா? கீறல் மேல் மட்டும் இன்னொரு கை கூடப் பூசினேன்.

வேணி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அது சேலையா?"

பெண்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். நிழலில் காயவைத்தேன். அப்படி ஒரு மினுக்கு! மீசை ஒதுக்கலாம். ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் தீபாவளிப் புடவையை முதல் நாளே யாராவது உடுத்திப் பார்ப்பார்களா?

தீபாவளி மதியம் பாஸ்கரன் முதலில் போட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரமாதமாக இருந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. என் மூச்சு நின்றது. மாமா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"கண்ணாடி கணக்கா இருக்கு மாப்ள. ஆனா எங்கயும் நிக்க மாட்டேங்குதே? எனக்கு ஒரு வேலையும் இல்லையே." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க நம்மதைப் போடுங்க. தட்டி வருசமாச்சு."

அவருக்கு வேண்டியது அந்தக் கீறல். நான் இரட்டைக் கஞ்சி போட்டு அடைத்துவிட்டு வந்திருப்பதும் அதே கீறல். எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் காரணம் சொல்ல வேண்டும், அதற்கும் பேச வேண்டும். போட்டேன்.

முதலில் அம்மியில் மிளகாய் அரைக்கிற சத்தம். அப்புறம் அந்த அம்மா வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பாடினார். முள் உழுதுகொண்டே போக, இருபக்கமும் வெள்ளையாகப் பொருக்கு குவிந்தது. மாமா ஆசையாக வந்து தட்டினார். முள் வழுக்கி, பாட்டின் கடைசிக்குப் போய் விழுந்தது. அடுப்படியிலிருந்து அத்தை, "யாருக்கு இருமல்? மிளகு ரசம் வைக்கவா?" என்று கேட்டார்கள்.

பாஸ்கரன் குனிந்து வெள்ளைப் பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார். "சகல, என்ன இது?"

வீடே என்னைப் பார்த்தது. எனக்காகப் பேசுகிற பெட்டி கரகரத்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை.

"கஞ்சி," என்றேன்.

"எதுக்கு?"

"மினுங்கட்டும்னு."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குக் குரல் கொடுத்தார். "அடியே, இங்க வா. மூத்த மாப்ள பேசிட்டாரு!"

முள் அன்றோடு போயிற்று. அடுத்த தீபாவளியிலிருந்து சிடிதான் பாடியது. மாமா பழக்கதோஷத்தில் அதையும் அவ்வப்போது தட்டிப் பார்ப்பார். பாவம், அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகும். ரிக்கார்டா சிடியா, எது உசத்தி என்று என் மகன் கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சத்தத்துக்கு அவருடையது. தட்டுவதற்கு என்னுடையது.

எங்கள் குடும்பத்தில் இப்போதும் யாருக்காவது தொண்டை கட்டினால், "கஞ்சி போட்டியா?" என்றுதான் கேட்பார்கள். புது மாப்பிள்ளை யார் வந்தாலும், பாஸ்கரன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்வார். மிளகாய் அரைக்கிற சத்தம், சோற்றுவாய்ப் பாட்டு, என் முழி எல்லாவற்றையும் செய்து காட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நடந்தது எனக்கு. கதையை நன்றாகச் சொல்ல வருவது அவருக்கு. அதுவும்தான் எரிகிறது.