தலையணை கேட்ட சளி மாத்திரை

கர்ப்பிணிகளின் வரிசை மாடிப்படி வழியே இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது. ஆளாளுக்குத் தும்மல், மூக்குறிஞ்சல். மேலே, மோதிரத்தை ஊசலாட்டிக் குறி சொல்லும் ஊசலார் அருள்பாலித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் ரொம்பச் சுலபம். நூலில் தொங்கும் மோதிரத்தை வயிற்றுக்கு நேரே பிடித்து, சளி மாத்திரையைக் காட்டுவார். மோதிரம் வட்டமடித்தால் குழந்தை 'கொடு' என்கிறதாம். முன்னும் பின்னும் ஆடினால் 'வேண்டாம்'. அவர் மேசையில் விற்கும் மாத்திரையை மட்டும் எந்தக் குழந்தையும் இதுவரை வேண்டாமென்றதில்லை. சமர்த்துக் குழந்தைகள்!

வரிசையில் நின்ற தையற்காரிக்கு நாலாம் மாதம். மூக்கடைப்பு, கூடவே ரத்தக்கொதிப்பு. "மூக்கடைப்பு மாத்திரை சிலது பிரஷரை ஏத்திவிட்டுரும்மா. என்னைக் கேக்காம கடையில எதையும் வாங்கிப் போடாதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாமியார் கேட்டால்தானே?

"டாக்டர் என்ன வயித்துக்குள்ள போயா பாத்தாங்க? குழந்தையே சொல்லட்டும். சொன்னா இங்கயே முழுங்கிரணும், ஆமா."

வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தையற்காரிக்கு உள்ளூர நடுக்கம். அதனால்தான் தன் தையல் கடைத் தோழியை வரிசையில் முன்னால் நிற்க வைத்திருந்தாள். தோழிக்கு நல்ல பெரிய வயிறு.

"முகத்துல என்ன களை பாரு" என்று மாமியார் தோழியைப் பார்த்துப் பூரித்தாள்.

தோழியின் முறை வந்தது. மோதிரம் பம்பரமாகச் சுற்றியது.

"பையன்" என்றார் ஊசலார், கண்ணை மூடியபடி. "படு சுட்டி. ரெண்டு மாத்திரையாக் கேக்குறான்."

"நல்லாக் கேளுங்க ஐயா. அவனேதான் கேக்குறானா?" என்றாள் தோழி.

"அவன் குரல் எனக்குத் தெரியாதா?"

தோழி சேலைக்குள் கைவிட்டு நாடாவை அவிழ்த்தாள். தையற்காரி தன் கையால் தைத்த பஞ்சுத் தலையணை மேசைமேல் பொத்தென்று விழுந்தது. மோதிரம் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு யார் சொல்வது?

ஊசலார் மோதிரத்தைச் சட்டென்று கைக்குள் மூடினார்.

"சில தலையணைக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"சளி பிடிக்குமா?" என்றாள் தையற்காரி.

முதலில் சிரித்தது மாமியார்தான். சிரித்து முடித்ததும் மேசையிலிருந்த மாத்திரையை ஊசலார் பக்கமே தள்ளிவிட்டாள். "நீயே முழுங்குய்யா. வாம்மா, டாக்டர்கிட்டப் போவோம்."

வரிசையில் பாதிப் பேர் கூடவே இறங்கினார்கள். மீதிப் பேர், தலையணைக்குப் பையன் என்று எப்படித் தெரிந்தது என வியந்துகொண்டு அங்கேயே நின்றார்கள்.

அம்மாமாரே, வயிற்றுக்குள் இருப்பதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. உங்களுக்கு வந்து எத்தனையோ வருஷமாயிற்றே. டாக்டரிடம் வாய்திறந்து கேட்டால் என்ன?