ஒரு எழுத்துகூடத் தப்பில்லை

தன் வம்சத்தில் யார் மூக்கிலும் கண்ணாடி ஏறாது என்று பெயிண்டர் சபதம் போட்டார். ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் கைவண்ணம். அந்தக் கௌரவத்துக்குத்தான் இப்போது சோதனை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சிட்டு, கரும்பலகையில் இருந்த எட்டை மூன்று என்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"அவளுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்ங்க," என்றாள் மனைவி.

"கண்ணுக்கு என்னடி? எல்லாம் சோம்பேறித்தனம்!"

"டிவியை மூக்காலதான் பாக்கறா."

"போர்டு எழுதறவன் பொண்ணுக்கே கண்ணு தெரியலன்னா எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

மனைவி வாதாடவில்லை. "நாளைக்குக் கண்ணு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கியாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அவள் வாதாடாமல் போனால் ஆபத்து என்று பெயிண்டருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டாக்டர் அறையில் தொங்கும் எழுத்து அட்டையே அவர் எழுதிக் கொடுத்ததாயிற்றே! சாயங்காலம் முழுக்கச் சிட்டுவை உட்காரவைத்து அந்த எழுத்துகளை உருப்போட வைத்தார்.

மறுநாள் டாக்டர் அறையில் சிட்டு நாற்காலியில் ஏறினாள். "ப, ட, ம, ய, ல, க..." மூச்சுவிடாமல் கடைசி வரி வரை கொட்டினாள்.

"பாத்தீங்களா டாக்டர்! ஒரு எழுத்துகூடத் தப்பில்ல!" பெயிண்டர் துள்ளினார்.

"அது பழைய அட்டைங்க," என்றார் டாக்டரம்மா. "வீட்ல மனப்பாடம் நடக்குதுன்னு உங்க வீட்டம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க. இன்னிக்கு மாட்டியிருக்கறது வேற. அது உங்களுக்கும் தெரியலையா? நீங்களும் உக்காருங்க."

முதலில் சிட்டுவைப் பார்த்தார். "ரெண்டு கண்ணுமே மங்கல். அதுலயும் இடது கண்ணு சோம்பேறியாவே ஆயிட்டு வருது."

சோம்பேறி அவள் கண்தான், அவள் இல்லை. பெயிண்டர் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "பார்வை வந்துடுமா டாக்டர்?"

"இந்த வயசுல கண்டிப்பா தேறிடும். கண்ணாடி போடணும், வலது கண்ணை தினம் கொஞ்ச நேரம் மூடி வெக்கணும். வளந்தப்புறம் வந்திருந்தா நானே கையை விரிச்சிருப்பேன். இனிமே வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க."

பெயிண்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த நிம்மதியில், தனக்கும் கண்ணாடி என்றதும் சபதத்தை மறந்து தலையாட்டிவிட்டார்.

அடுத்த வாரம் அப்பாவும் மகளும் புதுக் கண்ணாடியோடு கண்ணாடிக் கடையைவிட்டு வெளியே வந்தார்கள், பின்னாலேயே மனைவியும். சிட்டு தெருவையே முதல்முறை பார்ப்பவளாக நின்றாள். எதிரே பால் கடை.

"அப்பா, பசுமாட்டுப் பல்லைக்கூடவா விப்பாங்க?"

பெயிண்டர் நிமிர்ந்தார். அவர் எழுதிய பலகைதான். 'இங்கே சுத்தமான பசும்பல் கிடைக்கும்.'

"ஐயையோ! இதை நீ பாத்தியாடி?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"போன மாசமே பாத்தேன். அதான் முதல்லயே ரெண்டு பேருக்கும் சேத்துச் சீட்டு வாங்கினேன்," என்றாள் மனைவி.