ரெஸ்ட்டு கேட்டேன், ரேஸு குட்தாங்க

ஏய், குந்துங்கப்பா! குந்துங்கன்றேன்! கிளாடிஸு, அந்த வாய்க்கு ஒரு பூட்டு போடு. டீச்சருன்னா பேசிக்கினே இருக்கணும்னு எந்தச் சட்டத்துல கீது? வெங்காயம் உரிக்கிறவங்க உரிச்சிக்கினே கேளுங்க. கண்ணுல தண்ணி வந்தா வுடுங்க. வெங்காயத்துக்கு அழுவுறீங்களா எனக்கு அழுவுறீங்களான்னு நான் கேக்கமாட்டேன். நாளைக்கி நம்ம லூயிசாவுக்குக் கல்யாணம். மாப்ள, நீ இப்டி முன்னாடி வா. பொண்டாட்டிய ஏமாத்தலாம்னு ஒருத்தன் நெனச்சா அவன் கதி இன்னா ஆவும்னு இன்னிக்கே ஒன் காதுல வுழுந்துடணும்.

அதோ, மூலையில குந்திக்கினு பூண்டு உரிக்குதே, அது என் சம்சாரம் அல்போன்சா. தலைய தூக்குதா பாரு. தூக்காது. ஒரு நாளைக்கி மொத்தம் ஒம்போது வார்த்தை பேசும். ஞாயித்துக்கெழமை மட்டும் பத்து. பூசையில "ஆமென்" சொல்லணும்ல.

நான் இன்னா உத்தியோகம்னு ஒங்களுக்குத் தெரியும். கோபாலபுரத்துல தொரை பங்களாவுல பட்லரு. ஜப்பான்காரன் சண்டை முடிஞ்ச மறு வருசம், சித்திரை வெயிலுக்குப் பயந்து தொரை, தொரைசானி, நாயி மூணு பேரும் ஊட்டிக்கிப் போய்ட்டாங்க. எனக்கு ரெண்டு மாசம் லீவு. ரெண்டு மாசம்! அன்னிக்கி புனித ராயப்பர் மேல ஆணையா ஒரு சபதம் பண்ணேன். "இன்னாசி, இந்த ரெண்டு மாசமும் நீ முதுக பாயிலேர்ந்து எடுக்கறதில்ல. பாயி கிழியணும், இல்ல முதுகு கிழியணும்."

மறுநாள் வெடிகாலம் அஞ்சு மணி. தலைமாட்டுல "டங்"குன்னு ஒரு சத்தம். கோயில் மணியான்னு கண்ணத் தொறந்தா, பித்தளைக் கொடம். அதுக்குப் பின்னால அல்போன்சா.

"இன்னாடி இது?"

"கொடம்."

"கண்ணு தெரியுது. எதுக்கு?"

"தண்ணிக்கி."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"லீவு."

மூணே வார்த்தை. சோலி முடிஞ்சிது. எங்க சாந்தோம் தெருக்கோடியில ஒரே ஒரு கொழா. அஞ்சு மணிக்கி வரும், ஆறரைக்கி இருமிட்டு நின்னுடும். வூடு வூடா காசுக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்த அம்மா, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலி பண்ணப்போ போனது, திரும்பியே வரலை. அதுலேர்ந்து இருவது கொடமும் அல்போன்சா இடுப்புலதான். இப்போ இடுப்பு மாறுது. என் இடுப்புக்கு!

மொத நாளு எட்டாவது கொடத்துலயே எனக்கு மோச்சம் தெரிஞ்சிடுச்சி. அப்போதான் மண்டையில ஒரு வெளக்கு எரிஞ்சிது.

போன வருசம் தொரைக்கி நெஞ்சுல நோவு வந்திச்சி. பெரிய டாக்டரு வந்தாரு. வந்து இன்னா சொன்னாரு? இரு, அவரு மாதிரியே சொல்றேன். மூக்க இப்டி சுருக்கி, கண்ணாடிய இப்டி தூக்கி, "ஆப்சலூட் பெட் ரெஸ்ட்! சிக்ஸ் வீக்ஸ்!" புதுசா கண்டுபுடிச்சிக்கிறாங்களாம். நெஞ்சு நோவுக்காரன் ஆறு வாரம் அசையக்கூடாதாம். திரும்பிப் படுக்கக்கூடாது. மீசைய முறுக்கக்கூடாது. ஈ ஒக்காந்தா ஈயே பாத்து எழுந்து போவணும். தொரைக்கி நான்தான் ஸ்பூனுல சூப்பு ஊட்னேன். பேப்பரு படிச்சா பக்கம் திருப்பினதும் நானு. சிரிப்பு வந்தா அவருக்குப் பதிலா நான் சிரிச்சேன்!

ஆஹா, இதுவில்ல வைத்தியம்!

மறுநாள் மூணாவது கொடம். வாசப்படியில நின்னேன். நெஞ்சப் புடிச்சேன். "யேசுவே!" கொடத்த வுட்டேன். தண்ணியோட நானும் சாய்ஞ்சேன். எப்டி சாய்ஞ்சேன்ற? தொரை சாய்ஞ்ச மாதிரியே, எடது கண்ணு பாதி தொறந்து, நாக்கு ஒரு ஓரமா. அல்போன்சா ஓடியாந்தா. குனிஞ்சா. தூக்கினா.

கொடத்த.

நசுங்கிக்கீதான்னு சுத்திப் பாத்துட்டு அப்பாலதான் என்னப் பாத்தா. அதுக்குள்ள பக்கத்து வூட்டு கிளாடிஸ் வந்துட்டா. இப்போ சிரிக்குது பாரு, இவதான்.

"இன்னா இன்னாசி அண்ணே, தண்ணியில படுத்துக்கினு கீற?"

"நெஞ்சு... நெஞ்சு..."

"நெஞ்சுக்கு இன்னா?"

"நோவுது..."

"வலது பக்கத்த புடிச்சிக்கினு கீறியே அண்ணே, நெஞ்சு எடது பக்கம்ல?"

படார்னு கைய மாத்தினேன். "நோவு... எல்லாப் பக்கமும் போய்க்கினு வந்துக்கினு கீது."

"அப்டின்னா அடையாத்துக்குப் போ. ஆத்தங்கரை பக்கம் ஒரு புது டாக்டரு வந்துக்கிறாரு. சீமையிலேர்ந்து ஒரு மிஷினு கொண்டாந்துக்கிறாரு. நெஞ்சு துடிக்கிறத அப்டியே படமா எழுதிக் குடுக்குதாம். கார்டியோகிராம்னு பேரு."

அல்போன்சா வாயத் தொறந்தா. "கார்டா? சக்கரை குடுப்பாங்களா?"

ரேஷன் கார்டு இல்லடி என் ராசாத்தி! சம்சாரத்த ஏமாத்தலாம், மிஷின ஏமாத்த முடியுமா? "தனியாதான் போவேன், கூட ஆளு வந்தா நெஞ்சு வெக்கப்படும்"னு சொல்லிட்டு நான் மட்டும் கெளம்பினேன்.

டாக்டரு ராஜரத்தினம் கேஸு பாக்க வெளிய போய்க்கிறாரு. உள்ள கம்பவுண்டரு யாருன்ற? நம்ம பவுல்சாமி! ஒண்ணா கோயில்ல ஞானோபதேசம் படிச்சி ஒண்ணா ஒதை வாங்கினவன். மிஷினு பீரோ கணக்கா நிக்கிது. பக்கத்துல ஒரு வாளி உப்புத் தண்ணி, துணி, மூணு தகடு. ரெண்டு கையிலயும் ஒரு கால்லயும் கட்டுவாங்களாம். ஜனங்க பயந்துக்கினு கிட்டயே வர்றதில்லயாம். கொல்லையில சலவைக்காரரு கழுதை ஒண்ணு கட்டிக்கீது. நான் ஒரு வார்த்தை பேசினா அது ஒரு வார்த்தை கத்துது.

"மச்சி பவுலு, எனக்கு ஒரு நெஞ்சுப் படம் வோணும்."

"குந்து மாமா, கையக் குடு, தகடு கட்றேன்."

"என் நெஞ்சு வேணாண்டா! கெட்டுப்போன நெஞ்சு வோணும்!"

"இன்னாத்துக்கு?"

"இருவது கொடத்துக்கு."

சமாச்சாரத்தச் சொன்னேன். அவன் தலைய சொறிஞ்சான். "சரி மாமா. அந்தத் தொரையோட டாக்டரு மாதிரி ஒருவாட்டி பேசிக் காட்டு, தர்றேன்." பேசிக் காட்டினேன். பவுலு தரையில உருண்டான். எழுந்து, மேஜை அடியில கைய வுட்டு ஒரு நீளப் படத்த உருவினான். கறுப்புல வெள்ளைக் கோடு. ஏறுது, எறங்குது, எகிறுது.

"இது யாரு நெஞ்சுடா?"

"அத்த கேக்காத மாமா. ஆனா இந்த மாதிரி நெஞ்சு மெட்ராஸுல எந்த மனுசனுக்கும் கெடையாது."

போதாதா? பறந்து வந்தேன். வாசல்ல காலு வெச்சதும் நடைய கொறச்சி, செவுத்தப் புடிச்சி, படத்த விரிச்சேன்.

"பாருடி அல்போன்சா. இது பரங்கிமலை. இது பல்லாவரம் மலை. ரெண்டுக்கும் நடுவுல பாரு, பாதாளம். என் நெஞ்சு ஒவ்வொரு வாட்டியும் இதுல வுழுந்து எழுந்து வருது. ஒரு கொடம் தூக்கினேன்னு வெய்யி, வுழும். எழுந்திரிக்காது."

அவ படத்த வாங்கினா. நேராப் பாத்தா. தலைகீழாப் பாத்தா. மடிச்சி ஜெபப் புஸ்தகத்துல வெச்சா.

ரெண்டு நாளு, ராஜா வாழ்க்கை! கால அமுக்கி வுட்டா. கறி சூப்பு. ஸ்பூனு! தலைகாணி மேல தலைகாணி. அவ இருவது கொடம் தூக்கினு வர்ற சத்தம் காதுல வுழுந்துக்கினே தூங்கினா அந்தத் தூக்கமே தனி ருசி. பாவம்னு தோணிச்சி. தோணினதும் திரும்பிப் படுத்துக்கினேன்.

மூணாவது நாளு, "இவருக்கு இன்னா ஆகாரம் குடுக்குறது"ன்னு கேக்க, படத்த எடுத்துக்கினு டாக்டரு கிட்ட போய்ட்டா. வெயில்ல நடந்தே! நான் தூங்கி எழுந்து பாக்குறேன், வந்து நிக்கிறா.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ரேஸு."

நான் சிரிச்சேன் பாரு, நெஞ்சு நோவயே மறந்துட்டேன். "ரேஸு இல்லடி, ரெஸ்ட்டு! ரெஸ்ட்டு! படிக்காதவ!"

"அதான். ரேஸு."

"சரி, எத்தினி வாரம்?"

"தெனமும்."

தெனமும்! ஆறு வாரம் கேட்டவனுக்கு ஆயுசு பூராவும்! அன்னிக்கி ராயப்பருக்கு ஒரு மெழுகுவத்தி நேந்துக்கினேன்.

மறுநாள் அஞ்சு மணி. "டங்." கொடம் இல்ல, கிண்ணம். கிண்ணத்துல ஊறவெச்ச கொள்ளு.

"இன்னாடி?"

"மருந்து."

தின்னேன். அப்பால "டங்." இது கொடம்.

"அல்போன்சா! நான் நோவாளி! டாக்டரு ரெஸ்ட்டுன்னாருல்ல?"

"ரேஸு. ஓடணும்."

"கொடத்தோடவா?"

"பாரம் நல்லதாம்."

வாசல்ல கிளாடிஸ் நிக்கிறா, நாக்கால "ட்டொக்கு ட்டொக்கு"ன்னு சத்தம் குடுத்துக்கினு. "அண்ணே, சும்மா நிக்காத. இந்த மாதிரி நெஞ்சு நின்னாதான் ஆபத்தாம். ஓடினா நூறு வயசாம். சீமையிலயே ஆராய்ச்சி பண்ணி எழுதிக்கிறாங்களாம்." சாவு பயம் வந்துடுச்சி எனக்கு! அது யாரு நெஞ்சோ, எனக்கு இன்னான்னு ஒரு மனசு சொல்லுது. இன்னொரு மனசு சொல்லுது, "சும்மா கெட. உண்மையச் சொன்னா சூப்பு போன கணக்கு, ஸ்பூனு போன கணக்கு, மானமும் போன கணக்கு." ஓடினேன். இருவது இல்ல, நாப்பது கொடம். இருவது எங்க வூட்டுக்கு, இருவது கிளாடிஸு வூட்டுக்கு. அவ வூட்டுக்கு எதுக்குன்னு கேட்டதுக்கு, "ஒன் நெஞ்சுக்கு"ன்றா!

அப்பால சாப்பாடு. காலையில கொள்ளு சுண்டல். மத்தியானம் கொள்ளு ரசம், கொள்ளு தொவையல், ஒரு முழு காரட்டு. வேக வெக்காத காரட்டு! சாயங்காலம் நான் வேர்த்து வந்து நின்னா, அல்போன்சா ஒரு வைக்கோல் பிரிய எடுத்து முதுக தேய்ச்சி வுடுறா. சொகமாதான் இருந்திச்சி, பொய் சொல்லக்கூடாது. தேய்ச்சி முடிச்சி கழுத்துல ரெண்டு தட்டு தட்டுவா பாரு, அப்போதான் எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சி.

அஞ்சாவது நாளு தெருவுல போற புள்ளைங்கல்லாம், "இன்னாசி மாமா, இன்னிக்கி எத்தினாவதா வந்தே?"ன்னு கேக்க ஆரமிச்சிட்டாங்க. பொறுக்க முடியலை. நானே ஓடினேன் டாக்டரு கிட்ட. அடையாறு வரைக்கும் ஒரே ஓட்டம், மூச்சே வாங்கலை!

"டாக்டரே, தெனமும் நாப்பது கொடம் தூக்குறேன், நெசமாலுமே என் நெஞ்ச படம் எடுங்க! உள்ளத உள்ளபடி சொல்லுங்க!"

உப்புத் துணி சுத்தி, தகடு கட்டி, மிஷின ஓட்டினாரு. படத்த வெளிச்சத்துல பாத்தாரு. அவரு குரல்லயே சொல்றேன் கேளு. "மிஸ்டர் இக்னேஷியஸ், உம்ம ஹார்ட்டு ஸ்பென்சர் கடையில வாங்கின கடியாரம் மாதிரி ஓடுது. நீரு நாப்பது இல்ல, அறுவது கொடம் தூக்கலாம்."

"அப்போ என் சம்சாரம் கொண்டாந்த படம்?"

டாக்டரு கண்ணாடிய கழட்டித் தொடச்சாரு. பவுல்சாமி மோட்டுவளையப் பாத்தான். அப்பால டாக்டரு சொன்னாரு, "அது... அது வந்து... குதிரை. கிண்டி ரேஸுக் குதிரை. பெரிய சாம்பியன். மனுசங்க மிஷினுக்குப் பயந்ததால அதுக்கு எடுத்துப் பாத்தேன். உங்க சம்சாரம் கிட்டயும் அன்னிக்கே சொல்லிட்டேன்."

கொல்லையில கழுதை கத்திச்சி பாரு! அதுக்குக் கூட என்னக் கண்டா எளப்பம்.

வூட்டுக்கு வந்தேன். "அல்போன்சா, குதிரைன்னு தெரிஞ்சேதானே எனக்குக் கொள்ளு போட்டே?"

"ம்."

அவ்ளோதான். "ம்"முன்னா அது வார்த்தைக் கணக்குல கூட வராது. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் இருவது கொடம் நான்தான். தொரை ஊட்டியிலேர்ந்து திரும்பி வந்தும் நான்தான். இன்னிக்கி கல்யாண வூட்டுக்கு முப்பத்தாறு கொடம் யாரு ஊத்தினதுன்ற?

ஆனா மாப்ள, ஒண்ணு சொல்றேன். இதுல எனக்கு அவமானம்னு நெனக்காத. பவுலு கைய வுட்டதும் இன்னா வந்திச்சி? ரேஸுக் குதிரை! சாம்பியன்! அல்போன்சாவும் அஞ்சு நாளு என்ன குதிரையாதான் நடத்தினா. இந்த சாந்தோமுல எந்தப் பொண்டாட்டி புருசன குதிரையா மதிச்சா, சொல்லு? இந்த நெஞ்சு குதிரை நெஞ்சுடா! தட்டிப் பாரு, கிண்டி வரைக்கும் கேக்கும்!

ஏன்டா அல்லாரும் அந்தப் பக்கம் பாக்குறீங்க? இன்னா அல்போன்சா, பூண்ட கீழ வெச்சிட்டே? இன்னாமோ சொல்ல வர்ற மாதிரி கீது? சொல்லு, சொல்லு. பொழுதே சாய்ஞ்சிடுச்சி, இன்னிக்கி இன்னும் நீ ஒரு வார்த்தை பேசலை. ஒம்போதும் அப்டியே கீது.

"குதிரையில்ல. கொல்லையில நின்ன கழுதை. நீ அழுவியேன்னு டாக்டர குதிரைன்னு சொல்லச்சொன்னேன்."