மாம்பழப் பியரும் தாய்மாமன் நெற்றியும்

வெக்ஸ்போர்ட்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய மைத்துனர் சண்முகநாதன் அத்தானுக்கு,

இங்கு நலம். மார்க்கம் நகரில் நீங்களும் அக்காவும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் எப்போது தொலைபேசி எடுத்தாலும் நீங்கள் வீடு வாங்க வந்தவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள், எங்கள் குடும்ப விஷயம் முழுவதையும் அவர்களும் கேட்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

என் மகள், உங்கள் மருமகள் மயூரி, நிரூபன் என்ற பெடியனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பெடியன் நல்ல கொம்பியூட்டர் வேலையை விட்டுவிட்டு எற்றோபிக்கோ பக்கம் பியர் காய்ச்சுகிறான். சாதாரண பியரும் இல்லை. பெல்ஜியத்துத் தோட்டக்காரர் முந்தி வயல்வேலைக்கு நடுவே குடித்த மாதிரியாம், அதற்குள் மாம்பழம் போட்டதாம். நான் உடனே வேண்டாம் என்றேன். "அப்பா, குடிச்சுப் பாத்திட்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. குடிக்காமல் சொன்னா அது ஃபெயர் இல்லை" என்று மயூரி ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தாள். அறுபத்தெட்டு வயது வரை இந்தச் சாமானைத் தொடாதவன் நான். ஆனால் ஜூஸ் கொம்பனியில் இருபத்திரண்டு வருடம் ருசி பார்த்துச் சரி பிழை எழுதினவன். வாயில் வைக்காமல் ஒன்றையும் தள்ளினதில்லை.

போத்தலின் அடியில் மண்டி நின்றது, மருந்துப் போத்தல் மாதிரி நன்றாகக் குலுக்கினேன், பிறகு கழுத்துக் கம்பியைக் கழற்றினேன், கை வைக்க முன்னமே தக்கை வெடித்துப் பறந்து, சுவரில் தொங்கிய உங்கள் படம் போட்ட வீட்டு விற்பனைக் கலண்டரில் உங்கள் நெற்றியைக் கிழித்துவிட்டது. இதை நான் சகுனமாக எடுக்கவில்லை, அறிவித்து வைக்கிறேன். மிஞ்சினதைப் பேணியில் ஊற்றினால் எல்லாம் நுரை, சரி அடங்கட்டும் என்று தேத்தண்ணி ஆற்றுகிற மாதிரி இரண்டு பேணியில் மாற்றி மாற்றி ஆற்றினேன், அது மேசைவிரிப்பு, கதிரை, மயூரியின் மடிக்கணினி என்று போய்க்கொண்டே இருந்தது. உங்கள் தங்கை நாகேஸ்வரி துணியோடு வந்து, "உதென்ன கோதாரி, பேணிக்குள்ள நிக்குதில்லை" என்றா.

இனி ருசி. முதல் வாய் புளிப்பு. இரண்டாம் வாயில் மிளகும் கராம்பும் மாதிரி ஒரு காரம், பின்னால் வைக்கோல் மணம். மாட்டுக்கொட்டில் என்றும் எழுதலாம், ஆனால் லேபிளில் அதைத்தான் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் வாயில் மாம்பழம் வந்தது. நல்ல மாம்பழம். ஆனால் அத்தான், லேபிளில் இருப்பது எங்கள் ஊர் மாம்பழம் கறுத்தக்கொழும்பான், வாயில் இருந்தது அது இல்லை. கறுத்தக்கொழும்பான் மணம் தொண்டைக்குள் கொஞ்சம் நிற்கும். இது தேன் மாதிரி இனித்துவிட்டு ஓடிவிட்டது. நாலாம் வாயும் ஐந்தாம் வாயும் சந்தேகம் தீர்ப்பதற்காக மட்டும் குடித்தவை. மிச்சத்தை நாகேஸ்வரி மீன்குழம்பில் விட்டுவிட்டு, "பழப்புளி தேவைப்படேல்லை" என்றா.

உடனே நிரூபனுக்கு எடுத்தேன். "தம்பி, உது பாகிஸ்தான் மாம்பழமெல்லோ?"

"ஓம் அங்கிள். ஊர்ப் பழம் வந்து சேரேல்லை, லேபிள் அடிச்சு முடிஞ்சுது. குடிச்ச ஆக்கள் ஊர் ஞாபகம் வருதெண்டு அழுதவை. ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை" என்றான்.

ஆகவே என் முடிவு: பியரில் குற்றமில்லை, லேபிளில் பொய். மாம்பழத்தில் பொய் சொல்கிறவன் என் பிள்ளையிடம் வேறு எதில் சொல்ல மாட்டான்? ஒரே பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் மறித்தால் என்னோடு பேசமாட்டாள், தாய்மாமன் சொல்லைத் தட்டமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, இது சரிவராது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வியாபாரமும் அக்காவின் முழங்காலும் அம்பாள் அருளால் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மா. தம்பிமுத்து

பின்குறிப்பு: முத்திரை வாங்க வியாழக்கிழமை ஆகிவிட்டது. அதற்குள் நிரூபன் வீட்டுக்கு வந்தான். விரலெல்லாம் பசை. இருந்த போத்தல் அத்தனையிலும் லேபிளைச் சுரண்டி எடுத்திருக்கிறான். "இனி உங்களைக் கேக்காமல் லேபிள் அடிக்கமாட்டன் அங்கிள். புதன்கிழமையளில வந்து ஒருக்காக் குடிச்சுப் பாத்துச் சொல்லுவியளோ?" என்று கேட்டான். நான் வேலையை விட்டு ஆறு வருடம், அத்தான். அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் எதையும் பார்த்துச் சொல்லச் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது. ஆகவே மேலே எழுதியதில் ருசியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த வருடக் கலண்டர் அடித்திருந்தால் ஒன்று கொண்டுவாருங்கள், தையில் நாள் பார்க்க வேண்டும்.